எர்த் பார்த்தாச்சா?

ஹெட்லைட் சரியில்லை என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்களில் பலர் கையோடு ஒரு புது பல்பையும் வாங்கிக்கொண்டு வருவார்கள். "அண்ணே, இதை மட்டும் மாட்டிவிட்டாப் போதும்" என்பார்கள். மாட்டுவது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் பழைய பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே இழை அறுந்திருக்காது, கண்ணாடி கறுத்திருக்காது, ஒரு குறையும் இருக்காது. நல்ல பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொரு நல்ல பல்பைப் போட்டால், அதே பழுது அதே இடத்தில் அப்படியே இருக்கும். அதனால் பல்பு பொட்டலத்தை வாங்கி டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு, பானெட்டைத் திறக்கச் சொல்வேன். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலையில் ஹெட்லைட்தான் சின்ன வேலை என்று பேர். என்னைக் கேட்டால், இந்தத் தொழிலை ஒழுங்காகப் பழக ஹெட்லைட்டைவிட நல்ல பாடம் இல்லை.

நம்ம ஊரான மல்லாங்கிணற்றுக்கு ஒரு பக்கம் விருதுநகர், மறுபக்கம் காரியாபட்டி. விருதுநகரில் ஏறினால் மதுரை – கன்னியாகுமரி நான்குவழிச் சாலை. காரியாபட்டியில் ஏறினால் மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலை. அந்த இரண்டிலும் நடுவே தடுப்பு உண்டு, எதிர்வரும் வண்டியின் வெளிச்சம் அவ்வளவாகக் கண்ணில் அடிக்காது. இரண்டையும் இணைக்கிற நம்ம ஊர்ச் சாலைகளில் தடுப்பும் இல்லை, ஊரைத் தாண்டிவிட்டால் தெருவிளக்கும் இல்லை. ஓரத்தில் சீமைக்கருவேலம், கரிசல் காடு, கிடை மாற்றிப் போகிற ஆட்டு மந்தை, பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், மில் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள். மில்லுக்கும் பட்டாசு ஆலைக்கும் ஆள் ஏற்றும் வேன்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். இந்தச் சாலையில் ஹெட்லைட் என்பது ஒப்பனைச் சாமான் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தீபாவளி வருவது ஐப்பசியில். சிவகாசிச் சரக்கு லாரியும் மினிவேனும் அதிகம் ஓடுகிற காலமும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். கோடை முழுக்கப் புழுதி குடித்த வயரிங்கில் முதல் மழைத் தண்ணீர் இறங்கும். கரிசல் மண் சக்கரத்தோடு மேலே ஏறி மட்கார்டின் உட்புறம் அப்பிக்கொண்டு, நாள்கணக்கில் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். எர்த் வயரை பாடியோடு சேர்க்கும் போல்ட் அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் துருப்பிடிக்க வேறு என்ன வேண்டும்? மழை தொடங்கினதும் கடைக்கு வருகிற மங்கல் விளக்குகளுக்குப் பாதிக் காரணம் அந்த மண்தான் என்பது என் எண்ணம்.

பழுது பார்க்க முதலில் ஸ்பேனர் வேண்டாம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து லைட்டைப் போட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தால் பாதி விவரம் வந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்ந்து மங்கலா? அப்படியென்றால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்: பாட்டரி, சார்ஜிங், மெயின் சுவிட்ச், பாட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வெளிச்சம் ஏறுகிறதா? ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பாட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் சார்ஜிங் நலம். ஒரு பக்கம் மட்டும், அதிலும் டிம் மட்டும் மங்கலாக இருந்து பிரைட் நன்றாக இருந்தால், அந்த டிம் வயர், ஃபியூஸ், ஹோல்டரில் அதன் கிளிப் இவற்றில் ஏதோ ஒன்று. ஒரு பக்கத்தில் டிம், பிரைட் இரண்டுமே மங்கலா? முதலில் எர்த்.

அந்தக் கடைசி வகைதான் ஆளைக் கிறுக்காக்கும். ஒரு மழைக்காலத்தில் நம்ம பக்கத்துக்காரர் ஒருவர் சின்னக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இடப்பக்க விளக்கு அழுது வடிந்தது. "பல்பு மாத்தியாச்சுண்ணே, ஃபியூசும் மாத்தியாச்சு. அப்படியும் மினுக்கு மினுக்குன்னுதான் எரியுது" என்றார். உள்ளே உட்கார்ந்து டிம்மில் போட்டேன். டாஷ்போர்டில் பிரைட்டுக்கு உரிய நீல விளக்கு லேசாகக் கண் திறந்திருந்தது. டிம்மில் இருக்கும்போது அது எரியவே கூடாது. இறங்கிப் போய்ப் பார்த்தால், வலப்பக்க பல்பில் டிம் இழை பளிச்சென்றும், பக்கத்திலேயே பிரைட் இழை சாம்பல் பூத்த கங்கு நிறத்திலும் தெரிந்தது. நல்லாயிருக்கும் பக்கத்தில் ஏன் இந்த வேண்டாத வேலை?

விடை எளிது. டிம், பிரைட் இரண்டு இழைகளும் ஒன்றாக இருக்கும் இந்த எச்4 வகை பல்பில் கால்கள் மூன்று. ஒன்று டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான எர்த். இடப்பக்கத்து எர்த் அறுந்துவிட்டது. டிம் இழைக்குள் வந்த மின்சாரம் வெளியே போக வழியில்லாமல், அதே பல்பின் பிரைட் இழைக்குள் புகுந்து, பிரைட் வயரில் பின்னோக்கி நடந்து, வலப்பக்கத்து பிரைட் இழை வழியாக அங்குள்ள நல்ல எர்த்தில் இறங்குகிறது. போகிற வழியில் நீல விளக்குக்கும் கொஞ்சம் கொடுக்கிறது. மூன்று இழைகள் வரிசையாக நின்று 12 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொண்டால் எது உருப்படியாக எரியும்? மட்கார்டு ஓரமாக எர்த் வயர் போய்ச் சேரும் போல்ட்டைக் கழற்றினேன். வயர் நுனியிலுள்ள லக்குக்கும் பாடிக்கும் நடுவே செந்துரு ஒரு தாள் கனத்துக்குப் படிந்திருந்தது. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, லக்கை மாற்றி, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவியதோடு சரி. அவர் வாங்கி வந்த இரண்டாவது பல்பு டப்பாவிலேயே இருந்தது.

எல்லா வண்டியிலும் மின்சாரம் இந்தத் திசையில்தான் போகும் என்று எண்ணிவிடக் கூடாது. சில ஜப்பானிய வழி வண்டிகளில் பல்பின் பொதுக்காலுக்குப் பாசிட்டிவ் நேராக வரும், எர்த் பக்கத்தைத்தான் சுவிட்ச் திறந்து மூடும். அது தெரியாமல் வயரை வெட்டி ஒட்டினால் ஃபியூஸ் போவதோடு நிற்காது. முதலில் பொதுக்காலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொட வேண்டும்.

தொழில் பழக வரும் பையன்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பல்பைக் கழற்றி வைத்துவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டரைக் குத்தி "12 வோல்ட் வருதுண்ணே" என்று சொல்லாதே. மல்டிமீட்டர் மின்சாரத்தை ஏறக்குறைய குடிப்பதே இல்லை. முப்பது இழை செப்புக் கம்பியில் ஒற்றை இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் அது முழு வோல்ட்டேஜையும் காட்டும். மூடிய குழாயில் அழுத்தம் நிற்பதைப் பார்த்துவிட்டுக் குடம் நிறையும் என்று நம்புவது மாதிரி அது. திறந்துவிட்டுப் பார்த்தால்தானே தண்ணீர் வரத்துத் தெரியும்? 55 வாட் இழை எரிந்தால் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பில்தான் வயரின் யோக்கியதை வெளியே வரும்.

ஆகவே பல்பை மாட்டி, லைட்டைப் போட்டு, எரியும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பாட்டரி நெகட்டிவில், மறுமுனை பல்பின் எர்த் காலில். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்ல எர்த். ஒரு வோல்ட் காட்டினால் அந்த ஒரு வோல்ட் வழியிலேயே சூடாகித் தொலைகிறது. அதேபோல பாட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் பாசிட்டிவ் காலுக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. கூடுதலாக இருந்தால் வயர் போகும் வழியில் ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்ந்து போக வேண்டும். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் சட்டென்று விழுகிறதோ, திருடன் அங்கேதான் இருக்கிறான். மீட்டர் இல்லாதவர் இண்டிகேட்டரின் 21 வாட் பல்பில் இரண்டு வயர் சேர்த்து டெஸ்ட் லேம்ப் செய்துகொண்டாலும் போதும். அது தானே கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியர் இழுப்பதால் பொய் சொல்லாது. ஆனால் கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில் அந்தப் பழைய டெஸ்ட் லேம்பைக் கண்ட வயரில் வைக்கக் கூடாது.

ஒரு வோல்ட் போனால் என்ன பெரிதாக என்று கேட்பவர்கள் உண்டு. ஹாலஜன் பல்புக்கு வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதம் குறைவதில்லை, ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். 13.5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 11.5 வந்தால் வெளிச்சத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மறுபக்கமும் இப்படித்தான்: 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மாதம் ஒரு பல்பு போகிறது என்று யாராவது வந்தால், பல்பு கம்பெனியைத் திட்டுவதற்கு முன் சார்ஜிங் வோல்ட்டேஜ் 15-ஐத் தொடுகிறதா என்று பார்ப்பேன். பல்பு மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொட்டார்களா என்றும் கேட்பேன். அந்தக் கண்ணாடி வேலை செய்வது 250 டிகிரிக்கு மேலான சூட்டில். விரல் எண்ணெய் பட்ட இடம் தனியாகக் காய்ந்து, புள்ளி விழுந்து, சில நேரம் கண்ணாடியே உப்பிவிடும்.

ஹோல்டர் ஒரு தனிக்கதை. கிளிப் தளர்ந்தால் பிடி போகும், பிடி போனால் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். பிளாஸ்டிக் பழுப்பேறிக் கருகிய ஹோல்டரில் எந்தப் புது பல்பைப் போட்டாலும் அதே கதி. செராமிக் ஹோல்டர் வாங்கி மாட்ட வேண்டும். மாட்டும்போது வயரின் கறுத்த நுனியைச் செப்பு மின்னும் இடம்வரை வெட்டித் தள்ள வேண்டும். களிம்பு ஏறிய கம்பியை முறுக்கி டேப் சுற்றுவது வேலையே இல்லை. சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் போட்டால்தான் அடுத்த மழைக்கு நிற்கும். எலி கடித்த வயருக்கும் இதே வைத்தியம்தான். மக்காச்சோளம் அறுக்கும் காலத்தில் எலி, சூடான என்ஜினைத் தேடி வந்துவிடும். பானெட்டுக்குள் புகையிலை வைக்கிற வழக்கம் இருக்கிறது. வாசம் இருக்கும்வரை ஓரளவு பலன் தெரிகிறது.

ஃபியூஸ் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஃபியூஸ் போனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைத் தேடாமல் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுருட்டி வைப்பதும், 15 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியர் சொருகுவதும், வயரையே ஃபியூஸ் ஆக்குகிற வேலை. எந்த ஊரிலும் அது தப்பு. தீப்பொறி ஒன்று என்ன செய்யும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த வட்டாரத்தில் அது மன்னிக்க முடியாத தப்பு. பட்டாசுச் சரக்கு ஏற்றுகிற வண்டி என்றால் வயரிங் முழுக்க ஒருமுறை கையால் தடவிப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன். லோடு ஏற்றி இறக்கும்போது மின்சாரத்தை அடியோடு துண்டிக்க பாட்டரிக்குப் பக்கத்தில் கட் ஆஃப் சுவிட்ச் வைக்கச் சொல்வேன். தளர்ந்த கிளிப்பில் பொறி பறப்பதைக் கண்ணால் பார்க்க இருட்டில் ஹோல்டரை லேசாக அசைத்தாலே போதும்.

பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் ஸ்டியரிங் பக்கத்துச் சின்ன சுவிட்ச் வழியாகப் போய்வரும். வருஷக்கணக்கில் அதன் முனைகள் தீய்ந்து போகும். இதற்கு ரிலே போடுவது போலப் பலன் தரும் வேலை வேறில்லை. ரிலேயில் 30, 85, 86, 87 என்று நான்கு எண்கள் இருக்கும். பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த வயர் 30-க்கு, பல்புக்குப் போவது 87-லிருந்து, சுவிட்ச் இயக்குவது 85-க்கும் 86-க்கும் நடுவிலுள்ள சுருளை மட்டும். சுவிட்சின் பாரம் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். ஃபியூஸை ரிலேக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. அதை பாட்டரிக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் எங்கேயாவது வயர் உரசினால் காப்பாற்ற ஆள் இல்லை. இந்த வேலை முடிந்து லைட்டைப் போட்டதும் "என்னண்ணே, புது பல்பா?" என்று கேட்பார்கள். பல்பு அதேதான். அந்தக் கேள்வியைக் கேட்பதில் எனக்குள்ள சந்தோஷம் கூலி வாங்குவதில்கூட இல்லை.

இதற்கு மாறாக, வெளிச்சம் குறைவு என்றதும் 100/90 வாட் பல்பு போட்டுத் தரச் சொல்பவர்கள் வருகிறார்கள். எச்4 பல்பு 1971-ல் வந்தபோதே பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட் என்று அளவு வைத்துத்தான் வந்தது. 100 வாட் என்றால் எட்டு ஆம்பியருக்கு மேல். அதே மெல்லிய வயர், அதே சுவிட்ச், அதே ஹோல்டர் அதைத் தாங்குவதற்குச் செய்யப்படவில்லை. எதிரில் வருகிறவர் கண்ணையும் அது பறிக்கும். எச்4 ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பு செருகுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டுக் கீழே இறங்க வேண்டும் என்பதற்காக வைத்தது. இழை நின்ற இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி வேறொன்று எரிந்தால், அந்தக் கணக்கெல்லாம் போய் வெளிச்சம் நாலாபக்கமும் தெறிக்கும். ஓட்டுகிறவருக்குக் கண்ணெதிரே பளீரென்று இருக்கும், தூரம் தெரியாது.

ரிஃப்ளெக்டரில் பூசியிருப்பது அலுமினியம். சிவகாசியில் கம்பி மத்தாப்பையும் பூச்சட்டியையும் வெள்ளையாய்ப் பொரிய வைக்கிற அதே அலுமினியம்தான். இங்கே அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. துணியால் துடைத்தாலே போய்விடும். தண்ணீர் புகுந்தால் கொப்புளித்து உரிந்துவிடும். அப்புறம் எந்த பல்பும் அதைக் காப்பாற்றாது, செட்டையே மாற்ற வேண்டியதுதான். தண்ணீர் எப்படிப் புகுகிறது? பெரும்பாலும், பல்பு மாற்றினவர் பின்னாலிருக்கும் ரப்பர் தொப்பியைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். பத்துப் பைசா கவனம், ஆயிரக்கணக்கில் செலவு. முன்பக்கம் பிளாஸ்டிக் லென்ஸ் நம்ம வெயிலில் மஞ்சளாகிவிடும். 800-ல் தொடங்கி 2000 வரை உப்புத்தாளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயிலைத் தடுக்கும் பூச்சு அடித்தால் மீளும். பற்பசை தேய்ப்பது கொஞ்ச நாளைக்குத்தான். பூச்சு இல்லாமல் தேய்த்துவிட்ட லென்ஸ் முன்னைவிடச் சீக்கிரம் மஞ்சளாகும்.

எல்லாம் எரிந்தபின் மீதமிருப்பது அலைன்மென்ட். இதைப் பார்க்காமல் வண்டியை அனுப்புவது பாதி வேலை. சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டரில் வண்டியை நிறுத்தி, டயரில் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, டிம்மில் போட வேண்டும். வெளிச்சத்தின் மேல்கோடு விளக்கின் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் அந்தக் கோடு இடப்பக்கம் மட்டும் மேலே ஏறிச் சாலை ஓரத்தைக் காட்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த லைட் செட்டை இங்கே மாட்டினால் அந்த ஏற்றம் நேராக எதிராளி கண்ணில் போய் நிற்கும். வெளிச்சம் எதிரே நிற்பவர் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-லும் இருக்கிறது. விளக்கு நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டும் வழக்கமும் இதற்காகத்தான் வந்தது. ஆனால் நிமிர்ந்து நிற்கும் விளக்கைப் பொட்டு குனிய வைக்காது. திருகாணியைத்தான் திருப்ப வேண்டும். பின்னால் ஆள் ஏற்றும் வேன்களுக்கு ஆளை ஏற்றிவைத்துதான் பார்க்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கும். டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சக்கரம் அதற்காகவே இருக்கிறது. அதை ஒருமுறைகூடத் தொடாத டிரைவர்கள்தான் நிறைய.

2017 ஏப்ரல் முதல் வரும் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. அதனால் எதிரே ஒற்றை வெளிச்சம் வந்தால் மனசு தானாக "பைக்" என்று எண்ணிவிடுகிறது. ஒற்றைக் கண்ணோடு வரும் காரின் ஆபத்து அதில்தான் இருக்கிறது. அதிலும் வலப்பக்க விளக்கு அணைந்து இடப்பக்கம் மட்டும் எரிந்தால், ஓரமாக ஒரு பைக் வருகிறது என்று நம்பி எதிராளி நடுச்சாலையை எடுத்துக்கொள்வார். அந்த இடத்தில் காரின் முழு உடம்பும் இருக்கும். ஆகவே ராத்திரி வழியில் ஒரு பல்பு போய், மாற்று இல்லை, கடையும் இல்லை என்றால், எரிகிற பல்பு இடப்பக்கம் இருக்கும்பட்சத்தில் அது ஆறினதும் கழற்றி, கண்ணாடியைத் தொடாமல் வலப்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு ஏமாற்ற வேண்டாம், பார்க்கிங் லைட்டைப் போடுங்கள். வேகத்தைக் குறைத்து, வெளிச்சம் உள்ள முதல் ஊரில் வண்டியை ஓரங்கட்டுங்கள். காலையில் கொண்டுவாருங்கள். வரும்போது பல்பு வாங்க வேண்டாம். எர்த்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் சொல்கிறேன்.